புருஷனுக்கு நாலு, பொண்டாட்டிக்குப் பதினொன்று

கணவனைக் குளிக்காமல் வீட்டுக்குள் நடமாட விட்டதே கிடையாது அவள். அவன் வேலை பார்ப்பது தண்ணீர் கேன் வார்க்கும் தொழிற்சாலையில், பிளாஸ்டிக்கை உருக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். வந்ததும் நேராகக் குளியலறை. சட்டையும் பேண்டும் தனி வாளியில். மூன்று வயது மகள் "அப்பா" என்று ஓடினால் நடுவில் பாய்ந்து தூக்கிக்கொள்வாள்.

"உடம்பெல்லாம் மருந்து. முதல்ல குளிச்சிட்டு வாங்க."

"நான் என்ன பூச்சிமருந்து டப்பாவா?" என்று முணுமுணுத்தபடி அவன் போவான்.

தொழிலாளர்களின் ரத்தத்தில் பிளாஸ்டிக் ரசாயனம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தபோது, அவனைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தவள் அவள்தான். ஒப்பிட்டுப் பார்க்க, அந்த வேலையில் இல்லாதவர்களின் ரத்தமும் வேண்டும் என்றார்கள். அவளும் கையை நீட்டினாள். பெரிய மளிகைக் கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. குளிரூட்டிய இடம், தூசி தும்பு கிடையாது.

மூன்று வாரம் கழித்து இருவரையும் கூப்பிட்டார்கள். மருத்துவர், ஐம்பது வயதுப் பெண்மணி, இரண்டு தாள்களை மேசையில் வைத்தார்.

"பிஸ்பீனால்னு ஒரு பிளாஸ்டிக் ரசாயனம். அவருக்கு நாலு இருக்கு. உங்களுக்குப் பதினொண்ணு."

"தாள் மாறிடுச்சு மேடம்" என்றாள் அவள் சட்டென்று. "பதினொண்ணு இவருக்கா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு தடவை திரும்பச் சோதிச்சுப் பார்த்துட்டேன்."

கணவன் ஒரு முறை அவளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். கேலி செய்ய நல்ல வாய்ப்புதான். அவன் இரண்டு தாள்களையும் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை பில் கிழிப்பீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

"முந்நூறு, நானூறு."

"அந்தத் தாள்ல மையே கிடையாது, கவனிச்சிருக்கீங்களா? சூடு பட்டா எழுத்து தெரியற மாதிரி மேல பூசியிருக்காங்க. பல தாள்கள்ல அந்தப் பூச்சுல இது இருக்கு. அவருக்குக் கையுறை, முகமூடி எல்லாம் குடுத்திருக்காங்க. நீங்க கைக்கு என்ன போடுவீங்க?"

"சானிடைசர். ஒவ்வொரு வாடிக்கையாளர் போனதும் தடவிக்குவேன். காய்ஞ்சா க்ரீம். சுத்தமா இருக்கணும்னுதான்..."

"ஈரக் கையில தோல் வழியா இன்னும் வேகமா இறங்கும்மா."

சுத்தமாக இருக்கத்தான் செய்தாள். அதுவே கதவைத் திறந்து விட்டிருக்கிறது. அவள் எழுந்திருக்கப் போய் மறுபடி உட்கார்ந்தாள்.

"மேடம், தீர்ந்துபோற பில் ரோல்ல கடைசியில கொஞ்சம் மிஞ்சும். பாப்பா கிறுக்கி விளையாடட்டும்னு தினம் வீட்டுக்குக் கொண்டு போவேன். அவ அதை வாயில வெச்சுச் சப்புவா."

அப்பன் தொட்டால் ஆகாது என்று தூக்கிக்கொண்டு ஓடிய கைதான் அதையும் கொண்டுபோய்க் கொடுத்தது.

அன்றைக்கே குழந்தையையும் கூட்டிவந்து ரத்தம் எடுத்தார்கள். மகள் அலறிய அலறலில் அவள் வராந்தாவுக்குப் போய்விட்டாள். கணவன்தான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டான். அவளிடம் வந்தபோது, "தெரிஞ்சா செஞ்ச? விடு" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. குழந்தைக்கு ஆறு.

"இந்த எண்ணை வெச்சு நோய் வரும்னு சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் மருத்துவர். "ஹார்மோனைக் குழப்பும்ங்கற சந்தேகம் பலமா இருக்கு. ஒரு நல்ல விஷயம், இது உடம்புல தங்காது. உள்ள போறதை நிறுத்தினா சில நாள்ல வெளியேறிடும்."

அவள் சொந்தச் செலவில் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு கவுன்டரில் உட்கார்ந்தாள். மேலாளர் கூப்பிட்டார்.

"வர்றவங்க என்ன நினைப்பாங்க? உனக்கு ஏதோ தோல் வியாதின்னுதானே?"

அவள் கையுறையைக் கழற்றாமலே கவுன்டருக்குத் திரும்பினாள். அடுத்த கவுன்டரில் இருந்தவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. விஷயத்தைக் கேட்டதும் அவள் கையிலிருந்த பில் அப்படியே நழுவியது. "அக்கா, என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

கூட்டிக்கொண்டு போனாள். கர்ப்பிணிக்குப் பதினாலு.

ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்ததில் மகளுக்கு ஒன்றுக்கும் கீழே, அவளுக்கு இரண்டு. அந்த இரண்டு தாள்களையும், கர்ப்பிணியின் தாளையும் மேலாளரின் மேசையில் வைத்தாள்.

அவர் மூன்றையும் படித்தார். "பதினாலா?" என்றார். திரும்ப ஒரு முறை படித்தார். கர்ப்பிணியை நாளை முதல் அலுவலக அறைக்கு மாற்றுவதாகவும், எல்லோருக்கும் கையுறை வாங்கித் தருவதாகவும், தாளை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு கத்தை பில்கள். விரல் நுனியால் அவற்றை எடுத்தவருக்கு, எங்கே வைப்பது என்று தெரியவில்லை.