எழுத்து மட்டும் தேய்க்கவும்

1

இந்தக் கதை ஒரு சோப்புக் கட்டியிலிருந்து பிறந்தது. மற்ற எழுத்தாளர்கள் தங்கள் கதை கனவில் வந்தது, கடற்கரையில் வந்தது என்று சொல்லிக்கொள்வதுண்டு. எனக்கு வாய்த்தது குளியலறை.

ஒரு காலையில் என் மனைவியின் மோதிர விரல் வீங்கியிருந்தது. டாக்டர் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். நாற்பத்தொரு வருடமாகக் கழற்றாத மோதிரம்.* சோப்பு, தேங்காய் எண்ணெய், தையல் நூல், நான் என்று நால்வரும் சேர்ந்து அரை மணி நேரம் போராடி அதை வெளியே கொண்டுவந்தோம். அது இருந்த இடம் வெளுத்து, இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது.

அவள் மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து உள்பக்கத்தைப் பார்த்தாள்.

"எழுத்தே இல்லையே. வழவழன்னு கிடக்கு. திரும்ப வெட்டிக்கலாமா?"

"வெட்டிக்கலாமே," என்றேன்.

யோசிக்காமல் சொன்ன பதில். யோசித்துச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை, நானும் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

(* ஒரு முறை வாத்து விழுங்கியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அப்போது கழற்றியது நாங்கள் அல்ல, வாத்து. அதன்பிறகு அது ஆறு வருடம் எங்களோடு கௌரவமாக வாழ்ந்தது. இது தவிர அந்த வாக்கியத்தில் இன்னொரு பொய்யும் இருக்கிறது. அது எனக்கே போன வாரம்தான் தெரியும்.)

2

தொடக்கங்கள். மூன்றையும் அடித்துவிட்டேன், ஆனாலும் தூக்கிப் போட மனமில்லை.

அ) மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் பழைய மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விதவை

[மழை இல்லை. விதவையும் இல்லை. நான் உயிரோடு இருக்கும்போது இப்படி எழுதுவது எனக்கே சங்கடமாக இருந்தது.]

ஆ) இருநூறு வருடங்களுக்கு முன்பு, பெயர் தெரியாத ஒரு பொற்கொல்லர்

[இருநூறு என்று யார் சொன்னது? மோதிரத்தை விற்ற பழைய நகைக் கடைக்காரர் "ரொம்பப் பழசு" என்றார். அவர் கடையில் நாற்காலியிலிருந்து நாய் வரை எல்லாமே ரொம்பப் பழசு.]

இ) அவர் ஒரு நேர்மையான மனிதர். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் மனைவியிடம் பொய்

[இதை அடித்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.]

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் என் மனைவி. கையில் பென்சிலோடு படிப்பாள். நடை நன்றாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பொய்யாகப் படுவதை மட்டும் ஒரே இழுப்பில் அடிப்பாள். கதை என்றாலே பொய்தானே என்று ஒரு நாள் கேட்டேன். "பொய் சொல்றது வேற, புளுகுறது வேற," என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். முந்நூறு பக்க நாவல் ஒன்று அப்படித்தான் எழுபது பக்கக் குறுநாவலாக வெளிவந்தது. கச்சிதமான நடை என்று பாராட்டினார்கள்.

ஆகவே இந்தக் கதையில் நான் ஒளிந்துகொள்ள இடமில்லை. கணவன் நான்தான்.

3

அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பழைய நகைக் கடையில் மோதிரம் வாங்கினேன். வெளியே சின்னச் சின்ன இலைகளாக ஒரு கொடி. உள்ளே ஏதோ எழுத்து. "யாரோ வெட்டி வெச்சிருக்காங்க," என்றார் கடைக்காரர். என்னால் படிக்க முடியவில்லை. எழுத்து எறும்புத் தலை அளவு. கண்ணாடி போட்டால் மாப்பிள்ளைக் களை போய்விடும் என்று அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

மோதிரத்தைப் போட்டுவிடும்போது அவள் கேட்டாள்: "உள்ள என்ன எழுதியிருக்கு?"

"'என்றும் உனக்கே.' நான்தான் வெட்டச் சொன்னேன்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற வழக்கம் எனக்கு இல்லை. எழுத்து வெட்டிய கிழவர் ஒரே நேரத்தில் மூன்று கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டினார் என்றேன். கடைசி எழுத்து வந்தபோது கண் கலங்கி உளியைக் கீழே வைத்துவிட்டார் என்றேன். "என்ன சார், எனக்கே என் வீட்டுக்காரி ஞாபகம் வந்துடுச்சு" என்று சொன்னதாகவும் சொன்னேன். அந்தக் கிழவரை நான் எவ்வளவு அன்போடு படைத்தேன் என்றால், பின்னாளில் சில சமயம் அவர் எப்படி இருக்கிறாரோ என்று எனக்கே கவலை வரும்.

அவள் மோதிரத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். போட்டுக்கொண்டாள்.

4

எங்கள் தெரு முனையில் எழுத்து வெட்டும் கடை ஒன்று இருக்கிறது. கோப்பை, கைக்கடிகாரம், பேனா, மோதிரம், எதில் வேண்டுமானாலும் வெட்டித் தருவார்கள். அப்பாவுக்குப் பிறகு மகள் நடத்துகிறார். தெருவில் எல்லோரும் அவரை எழுத்துக்காரம்மா என்பார்கள். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் ஒரு லென்ஸ் எப்போதும் மூன்றாவது கண் மாதிரி மடங்கிக் கிடக்கும்.

மனைவி மோதிரத்தை அங்கே கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்: "என்ன எழுத்துன்னு நீங்க வந்து சொல்லுவீங்கன்னு சொல்லியிருக்கேன். போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. நீங்க வெட்டச் சொன்னதுதானே."

போனேன். சொன்னேன். "'என்றும் உனக்கே'."

எழுத்துக்காரம்மா எழுதிக்கொள்ளவில்லை.

"உட்காருங்க ஐயா," என்றார்.

டாக்டர்களும் எழுத்து வெட்டுகிறவர்களும் உட்காரச் சொன்னால் நல்லதுக்கு இல்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்த வளையம் மெலிசு. வெட்டுறதுன்னா தங்கத்தை எடுக்கிறதுதான். இதுல இன்னும் ஒரு தடவைதான் வெட்ட முடியும். தப்பா வெட்டிட்டு, தேய்ச்சு, மறுபடி வெட்டுறதெல்லாம் நடக்காது. ஏழெட்டு எழுத்துக்குத்தான் இடம். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? தேய்ஞ்சுபோனதைத் திரும்ப வெட்டப்போறோம்."

"அது தேய்ஞ்சுபோகலை ஐயா."

லென்ஸை என்னிடம் கொடுத்தார். மோதிரத்தின் உள்பக்கம் வாய்க்கால் மாதிரி விரிந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாகப் புள்ளிகள், நேற்று குத்தியது போலக் கூர்மையாக. நடுவில், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், கண்ணாடி போல ஒரு பள்ளம்.

"விரல் பட்டுத் தேய்ஞ்சா எல்லாம் சேர்ந்துதான் தேயும். புள்ளியை விட்டுட்டு எழுத்தை மட்டும் தேடிப்பிடிச்சுத் தேய்க்காது. இது யாரோ மெனக்கெட்டுத் தேய்ச்சது."

"யாரு?"

"எங்க அப்பா."

5

(இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். கதை சூடு பிடிக்கும்போது கட்டுரைக்குப் போவது கெட்ட பழக்கம்தான். எனக்கு மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.)

பழைய மோதிரத்தில் மங்கிய வேலையைத் திரும்ப வெட்டலாமா என்பது அந்தத் தொழிலில் பெரிய வழக்கு. வெட்டலாம் என்பவர்கள், செய்தவன் அது தெரிய வேண்டும் என்றுதானே செய்தான் என்பார்கள். கூடாது என்பவர்கள், நீ வெட்டினால் அது உன் கை, அவன் கை போய்விடும் என்பார்கள். எழுத்துக்காரம்மா இரண்டாவது கட்சி. வெளியே இருக்கும் கொடியைத் தொடவே மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "பாதி இலை தெரியுது, மீதியைக் கண்ணு வரைஞ்சுக்கும். நான் வெட்டினா என் இலைதான் தெரியும்."

எனக்கும் அனுபவம் உண்டு. என் முதல் கதையை மறுபதிப்புக்காகத் திருத்தினேன். பிழையெல்லாம் போயிற்று. கூடவே அதை எழுதிய இருபத்து நான்கு வயதுப் பையனும் போய்விட்டான். இன்றுவரை திரும்பி வரவில்லை.

ஆனால் தேய்மானமும் ஒருவர் செய்த வேலை என்றால்? அப்போது எதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது

[கேள்வி நன்றாக இருக்கிறது. பதில் தெரியாததால் விட்டுவிடுகிறேன்.]

6

எந்த வேலையை எடுத்தாலும் முதலில் அந்தக் கடையில் ஒரு படி எடுத்து வைப்பார்கள். மெழுகுவர்த்திப் புகையை எழுத்தின் மேல் படிய வைத்து, டேப்பால் ஒற்றி, ஒரு சின்ன அட்டையில் ஒட்டிவிடுவார்கள். பின்னால் வேலை விவரம். அப்பா காலத்து அட்டைகள் செருப்புப் பெட்டிகளில் வருடவாரியாக அடுக்கியிருந்தன.

"அப்பா வேலைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. அதான் தேடினேன்," என்று ஓர் அட்டையை என் முன்னால் வைத்தார்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய தேதி. கறுப்புப் புகையில் வெள்ளையாக, தெளிவாக, ஒரே சொல்:

பொறுத்துக்கொள்

யாரோ, யாருக்கோ, எப்போதோ வெட்டிக் கொடுத்தது. எதைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று தெரியாது. என் மனைவியின் விரலில் அது சரியான ஆளைத் தேடி வந்து சேர்ந்திருந்தது.

அட்டையைத் திருப்பினேன். பென்சிலில், சாய்ந்த கையெழுத்தில்:

"எழுத்து மட்டும் தேய்க்கவும். சனிக்கிழமைக்குள். நாத்தனார் வருகிறார்."

7

நாத்தனார் என்றால் என் அக்கா. அவளைப் பற்றி இரண்டு வரி அவசியம்.

வங்கியில் அடகு நகை மதிப்பிடும் வேலை. மற்ற பெண்கள் கைப்பையில் கைக்குட்டை வைத்திருப்பார்கள், அக்கா லென்ஸ் வைத்திருப்பாள். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன பொய்களில் ஒன்றையாவது கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்பது அவள் லட்சியம். கல்யாணமான ஆறாவது வருடம், மூன்று கண்ணாடிக் கிழவர் கதை அவள் காதுக்குப் போயிற்று. "சனிக்கிழமை வரேன். அந்த மோதிரத்தை நான் பார்க்கணும்," என்று கடிதம் போட்டாள்.

வந்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் லென்ஸை எடுத்தாள். என் மனைவி விரலை நீட்டினாள். நான் கொல்லைப் பக்கம் போய் இல்லாத செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

திரும்பி வந்தபோது அக்கா சொன்னாள்: "மூஞ்சி பார்க்கிற மாதிரி தேய்ஞ்சு கிடக்குடா. ஆறு வருஷத்துல இப்படியா தேயும்?"

"பாத்திரம் தேய்க்கிற கை அண்ணி," என்றாள் என் மனைவி. முகத்தில் ஒரு சலனமில்லை.

அன்று நான் என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் மெச்சிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் புளுகன் நான் ஒருவன்தான் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா போன வருடம் காலமானாள். "இனிமே படிச்சுப் பார்க்கிறவங்க யாரும் இல்லைம்மா, அதான் திரும்ப வெட்டலாம்னு," என்று என் மனைவி கடையில் சொன்னாளாம்.

"என்ன எழுத்துன்னு சொல்லலையா?" என்றேன் எழுத்துக்காரம்மாவிடம்.

"கேட்டேன். சிரிச்சாங்க. 'அவர் சொல்லட்டும்'னுட்டாங்க. வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க ஐயா."

8

வீட்டுக்கு வந்தேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"நாற்பத்தொரு வருஷமா வாயில இருக்கிற ரெண்டு வார்த்தை. அதுக்கு யோசனையா?"

"இடம் கம்மியாம்."

"அப்ப ஒரே வார்த்தையா சொல்லுங்க," என்று என் சட்டையை உதறினாள்.

இந்த இடத்தில் கணவன் அவள் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். எழுதிப் பார்த்தேன்: அவன் கண்கள் பனிக்க, "என்னை மன்னி

[இந்த ஆள் நம்பும்படி இல்லை. நான் அவனோடு எழுபது வருடத்துக்கு மேல் பழகியிருக்கிறேன். அவன் செய்தது இதுதான்: "காபி இருக்கா?" என்று கேட்டான். இருந்தது.]

9

முடிவுகள்.

முதல் முடிவு: "என்றும் உனக்கே" என்றே வெட்டச் சொல்வது. அது இப்போது பொய் இல்லை. சொன்ன அன்று பொய், பிற்பாடு எப்போதோ மெய்யாகிவிட்டது. எந்த வருடம் என்று கேட்காதீர்கள், நான் கவனிக்கவில்லை. சிக்கல் என்னவென்றால், அவள் படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். இந்த மனிதர் இன்னும் அதையே சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்ததைச் சொல்லவும் மாட்டாள்.

இரண்டாவது: "பொறுத்துக்கொள்" என்று வெட்டச் சொல்வது. உள்ளதை உள்ளபடி. ஆனால் முன்பு அதைச் சொன்னது யாரோ. இப்போது வெட்டினால் சொல்வது நான். நாற்பத்தொரு வருடம் பொறுத்துக்கொண்டவளிடம் போய், வீங்கிய விரலில் போட்டுவிட்டு, இன்னும் பொறுத்துக்கொள் என்பதா?

மூன்றாவது: அப்படியே விட்டுவிடுவது. அந்தப் பள்ளம் அவள் எனக்காகச் செய்தது. இந்த வீட்டில் எனக்காக யாரும் செய்ததில் அதைவிட நேர்த்தியான வேலை கிடையாது. எழுத்துக்காரம்மாவுக்கும் அதுதான் விருப்பம், அவர் அப்பாவின் கை அதில் இருக்கிறது. "என்கிட்ட கேட்டா தொடாதீங்கன்னுதான் சொல்லுவேன்," என்றார். ஆனால் வெட்ட வேண்டும் என்று கேட்டது அவள். அவள் என்னிடம் இதுவரை கேட்டவை மொத்தமே நாலைந்துதான்.

நான்காவது: வாத்து திரும்பி வந்து மோதிரத்தை

[இல்லை.]

10

இன்று புதன்கிழமை. ஒன்பது பகுதிகளையும் அடுக்கி, மேலே அந்த அட்டையை வைத்து, பென்சிலைச் சீவி, சாப்பாட்டு மேசையில் அவள் பக்கம் வைத்துவிட்டேன். எழுத்துக்காரம்மா அட்டையை ஒரு நாளைக்கு இரவல் தந்தார். ஒன்பதாம் பகுதிக்குக் கீழே ஏழெட்டு எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

(இதை வேறு தாளில் எழுதுகிறேன். அந்தத் தாள்கள் இப்போது அவளிடம்.)

கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இதை இன்னுமா வெச்சிருக்காங்க," என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

முதல் பக்கத்தில் ஓர் இழுப்பு. வாத்து போயிருக்கும். எதிர்பார்த்ததுதான்.

மூன்றாம் பகுதி வந்திருக்க வேண்டும். மூக்கால் ஒரு சிரிப்பு, கிழவருக்காக இருக்கலாம். கிழவரை அடிக்கவில்லை. எட்டாம் பகுதி வரும் நேரத்தில் ஓர் இழுப்பு. காபி உண்மையில் இருக்கவில்லை, அவள்தான் போட்டுக்கொடுத்தாள்.

தாள்கள் திரும்பும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். கடைசித் தாள்.

பென்சில் நகர்கிறது. அவள் அடிக்கும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், ஒரே இழுப்பு. இது அப்படி இல்லை. நின்று, வளைந்து, எடுத்து, மறுபடி வைத்து, மெதுவாகப் போகிறது.

எழுதுகிறாள்.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறாள். கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள், நாளைக்குக் கடையில் நான் என்ன சொல்ல வேண்டும்?