ஒரு பக்கத்துப் புண்

கூடலூர் தாய்வீட்டில் பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு ஊட்டிக்குத் திரும்பிய அஃப்ரீனுக்கு முலைக்காம்பு இரண்டும் வெடித்துப் புண்ணாகியிருந்தன. மாமியார் சுரையாதான் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்க் களிம்பு வாங்கி வந்தாள். அந்தக் களிம்பில் கொஞ்சம் எடுத்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தனக்கும் தடவிக்கொண்டாள்.

போன குளிர்காலத்திலிருந்து அவளுக்கு வலது காம்பில் அரிப்பு. பிறகு தோல் உரிந்து பக்குக் கட்டியது. வெந்நீரில் உதிரும், இரண்டொரு நாளில் மறுபடி படியும். கணவர் நூருல்லாவின் ஸ்வெட்டர் கடையில் நாள் முழுக்கக் கம்பளிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். ஒரு டாக்டரிடம் போனாள்தான். ஆனால் அவர் ஆண். புர்காவின் மேல் விரல் வைத்து இந்த இடம் என்றாள், திறந்து காட்டவில்லை. படை என்று சொல்லி க்ரீம் எழுதிக் கொடுத்தார். போட்டால் அடங்கும், விட்டால் வந்துவிடும்.

அஃப்ரீனுக்கு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. சுரையாவுக்கு ஆறவில்லை.

மூடுபனி இறங்கும் முன் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போன அஃப்ரீன், மாமியாரின் உள்ளாடையோடு உள்ளே வந்தாள்.

"மாமி, இது ரத்தக் கறையா?"

"சொறிஞ்சுட்டேன் போல."

அஃப்ரீன் விடவில்லை. கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் அவள் வாயிலிருந்து வரவழைத்தாள். "எனக்கு ரெண்டு பக்கமும் வந்துச்சு, ஆறியும் போச்சு. உங்களுக்கு மட்டும் ஏன் மாமி ஒரு பக்கமாவே நிக்குது?"

சுரையா அந்த உள்ளாடையை வாங்கி வாளித் தண்ணீரில் முக்கினாள்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது அஃப்ரீன் அவளையும் இழுத்துக்கொண்டு போய் டாக்டர் ஜானகியின் முன்னால் உட்கார வைத்தாள். ஜானகி நன்றாகப் பார்த்தார், அக்குளையும் அழுத்திப் பார்த்தார். தோலில் துளியளவு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் நூருல்லாவையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது தோல் வியாதி இல்லீங்க. பேஜட்ஸுன்னு பேரு. மார்புல வர்ற கேன்சருல ஒரு வகை, அபூர்வமா வரும். உள்ள பால் குழாயில இருக்குற கேன்சர் செல்லு, அந்தக் குழாய் வழியாவே காம்புத் தோலுக்கு வந்திருது. பாக்குறதுக்குப் படை மாதிரியே இருக்கும். அதனால நெறைய பேரு களிம்பு போட்டுக்கிட்டே இருந்துடறாங்க."

"கட்டி ஒண்ணும் தட்டுப்படலீங்களே டாக்டர்?" என்றார் நூருல்லா.

"கட்டி தெரியாமயும் வருமுங்க. உள்ள எவ்வளவு இருக்குன்னு மேமோகிராம் எடுத்தாத்தான் தெரியும். கோயமுத்தூர் போயிருங்க, தள்ளிப் போடாதீங்க."

அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது சுரையாவுக்கு. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய காலண்டர் படம் ஒன்று இருந்தது, ஏரியும் படகும். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், காலையில் ஊறப்போட்ட உளுந்து புளித்திருக்கும் என்றாள். நூருல்லா செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். அவள்தான் நிறுத்திச் சரிசெய்யச் சொன்னாள்.

கோயமுத்தூரில் எடுத்த படத்தில் காம்புக்குப் பின்னால் வெகுதூரம்வரை பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் தெரிந்தன. மார்பை முழுதாக எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். சரி என்றாள். கையெழுத்துப் போட்டாள். மகன் நௌஷாத் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதான். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று யோசித்தாள். அந்த யோசனையும் நீளவில்லை.

மயக்கம் தெளிந்ததும் நூருல்லா குனிந்து கேட்டார், "வலிக்குதா சுரையா?"

"இல்லீங்க."

பொய்யில்லை. கட்டுக்கு அடியில் வலியும் இல்லை, வேறெதுவும் இல்லை.

அக்குள் நெறிக்கட்டிகளில் பரவவில்லை என்று பிறகு ரிப்போர்ட் வந்தது. மாத்திரை போதும், ஆனால் வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று நூருல்லா கண்ணைத் துடைத்தார். அவளும் சொன்னாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் தாண்டி வண்டி மலையேறும்போது எல்லாரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவள் காதடைப்பு விலகுவதற்காக அவ்வப்போது எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

தையல் பிரித்துச் சில வாரங்கள் கழித்து ஒருநாள், அஃப்ரீன் அடுப்படியில் இருந்தபோது குழந்தை சிணுங்கியது. சுரையா தூக்கி வலப்பக்கம் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே எதிர்ச்சரிவின் கேரட் வயலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சிணுங்கல் நின்றது. தூங்கிவிட்டதென்று எண்ணிக் குனிந்தாள்.

குழந்தை விழித்துத்தான் இருந்தது. தட்டையான அந்தப் பக்கத்துத் துணியை வாயில் கவ்வி உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவள் சட்டை உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று அவளுக்குத் தெரியவில்லை. ஈரமோ, குழந்தையின் வாய்ச்சூடோ எதுவும் எட்டவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தாள்.

"அஃப்ரீன், பிள்ளைக்குப் பசிக்குது போல. வந்து எடுத்துக்க."