இடதில் உலோகம், வலதில் பீங்கான்

கன்னையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் அவரை யாராலும் நகர்த்த முடியாது என்பது போடிநாயக்கனூரில் இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் கார்த்திகை மாதம் தெரியவந்தது. மண்டி வாசலில் நின்று ஓர் ஏலக்காயை அவர் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூட்டையோடு வந்த சுமைக்காரர் ஒருவர் அவர்மேல் இடித்து, மூட்டையும் தானுமாக மல்லாந்து விழுந்தார். பிறகு நாலு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து முட்டவிட்டார்கள். வண்டியின் சக்கரம்தான் கோணியது. கன்னையன் காயைத் துப்பிவிட்டு, ஈரம் இன்னும் போகவில்லை, மறுபடி காயப்போடுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்துபோனார். அன்றைய ஏல விலையோடு இந்தச் செய்தியும் ஊருக்குள் போனது. விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அவருக்கு வேலையே கடிப்பதுதான். ஈரம் பார்க்கக் கருவிகள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது என்றாலும், கன்னையன் கடித்துத் தலையாட்டினால்தான் அந்த மண்டியில் மூட்டையைத் தைப்பார்கள். முப்பது வருஷம் கடித்ததில், காயோடு கலந்து வந்த ஒரு கல் இடதுபக்கக் கடைவாய்ப்பல்லைக் கொண்டுபோனது. அடுத்த வருஷம் இன்னொரு கல் வலதையும் கொண்டுபோனது. பல் டாக்டர் பியூலா, தாடையெலும்பில் திருகி வைக்கிற பற்களைப் பற்றி எடுத்துச் சொன்னார். டைட்டானியம் என்கிற உலோகத்தில் ஒன்று உண்டு. பல வருஷமாக வைத்துப் பார்த்துப் பழகியது, பாரம் வந்தால் துளி வளைந்து கொடுக்கும். பீங்கானில் ஒன்று உண்டு. வெள்ளை வெளேரென்று இருக்கும், எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், தாங்காத நாளில் சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விட்டுவிடும். எது வேண்டும் என்று கேட்டார். ஒரே ஒரு சாம்பிளைப் பார்த்துச் சரக்கை முடிவு செய்வது கன்னையனின் பிறவியிலேயே கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். பியூலா சிரித்துக்கொண்டே இடதில் உலோகத்தையும் வலதில் பீங்கானையும் வைத்தார்.

எலும்போடு ஒட்ட மூன்று மாதமாவது ஆகும், அதுவரை கடினமாக எதையும் கடிக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஆறாவது வாரமே புரட்டாசிக் காய் வந்து குவிந்தது. கன்னையன் கடித்தார். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில், ஏலச்செடியின் கிழங்கு மண்ணுக்குள் ஓடுவதுபோல இரண்டு திருகுகளிலிருந்தும் வேர்கள் கிளம்பி, தாடையைக் கடந்து, கழுத்து வழியாக இறங்கி, படத்தின் விளிம்புக்கு வெளியே போயிருந்தன. பியூலா படத்தை வெகுநேரம் பார்த்தார். "எலும்போட நல்லாச் சேந்துருச்சுண்ணே" என்று மட்டும் சொல்லி, திருகுகளின்மேல் பல்லை மாட்டி அனுப்பிவைத்தார்.

இப்படி அசையாத மனிதருக்கும் ஒரு பயம் இருந்தது. அவர் மனைவி அன்னக்கொடி தினமும் காலையில் பதினொரு பெண்களோடு ஒரு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, போடிமெட்டுக்கு மேலே உள்ள எஸ்டேட்டுக்குக் காய் பறிக்கப் போய்வந்தாள். அத்தனை வளைவுகளையும் ஜீப்பு ஏறி முடித்து அவளிடமிருந்து போன் வரும்வரை கன்னையன் ஒரு டீகூடக் குடிக்கமாட்டார். வேலையை விட்டுவிடு என்று எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தார். வீட்டில் உட்கார்ந்தால் கை கால் மரத்துப்போகும் என்று அவள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

மறு வருஷம் ஆனியில் ஒருநாள், எஸ்டேட்டில் உலர்த்திய காயைப் பார்த்துவிட்டு அதே ஜீப்பில் அவரும் இறங்கி வந்தார். நல்ல மழை. ஒன்பதாவது வளைவில் கிளை முறிந்து கிடந்தது. அதை இழுத்துப்போட அவர் இறங்கிய நேரத்தில் ரோட்டோர மண் சரிந்து, ஜீப்பின் பின்பக்கம் பள்ளத்துக்குள் தொங்கியது. ஜீப்பின் முன்னால் கட்டியிருந்த இழுவைக் கயிற்றை எட்டிப் பிடித்தார். மழையில் கை வழுக்கியது. கயிற்றை வாய்க்குள் திணித்து இரண்டு பக்கமும் கடித்தார். ஜீப்பு நின்றது. டிரைவர் வீரணன் முன்சீட்டு வழியாகப் பெண்களை ஒவ்வொருவராக இறக்கினான். பின்கதவோரம் உட்கார்ந்திருந்த அன்னக்கொடியின் முறை கடைசியில்தான் வந்தது. கொஞ்சம் வாயை மூடுங்கள் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்று கண்ணாடி வழியாக அவரையே பார்த்துச் சொன்னாள்.

"வாயத் தெறந்துராதீங்க. நான் இன்னும் எறங்கல."

அவள் இறங்கி வந்து அவர் கன்னத்தைத் தொட்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். ஜீப்பு ஏலத்தோட்டத்துக்குள் உருண்டு போனது. இரண்டு பேரும் ரோட்டிலேயே உட்கார்ந்து, மழை விடும்வரை அழுதார்கள். போன உயிர் திரும்பி வந்த அழுகை அது.

உலோகம் தாங்கியதா, பீங்கான் தாங்கியதா என்று டீக்கடைகளில் ஒரு மாதம் சண்டை நடந்தது. பியூலா படமெடுத்துப் பார்த்தார். உலோகம் இம்மியும் அசையவில்லை, பீங்கானில் ஒரு கீறல்கூட இல்லை. கயிறுதான் நைந்துபோயிருந்தது.

"எத்தன வருசந் தாங்கும் டாக்டரம்மா?"

"ஒழுங்காப் பல்லு வெளக்குனா உங்க காலத்துக்கும் தாங்கும்ணே."

"எங்காலம் எதுக்கு? அவ மலையேறுறத விடுற வரைக்கும் தாங்குனாப் போதும்."

கயிறு தேவையில்லை என்பதை வீரணன்தான் கண்டுபிடித்தான். ஐப்பசியில் ஒருநாள் காலை, புது ஜீப்பு வளைவில் பின்னால் சறுக்கி, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நின்றது. மணி ஏழு இருபது. அதே ஏழு இருபதுக்குக் கன்னையன் மண்டியில் காய் கடித்துக்கொண்டிருந்ததை விசாரித்துத் தெரிந்துகொண்டான். அதிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அவர் மண்டி வாசலில், இடதில் ஒரு காயும் வலதில் ஒரு காயுமாகக் கடித்துக்கொண்டு நிற்கிறார். சுமைக்காரர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கூட்டுகிறவர் அவர் காலைச் சுற்றிக் கூட்டுகிறார். எட்டு மணிவாக்கில் போன் அடித்தால் பக்கத்தில் இருக்கிற யாராவது அதை எடுத்து அவர் காதில் வைப்பார்கள்.

"ஏறிட்டோம். வாயத் தெறங்க" என்கிறாள் அன்னக்கொடி.

கன்னையன் வாயைத் திறந்து, காயைத் துப்பிவிட்டு, ஒரு டீ சொல்கிறார்.