கிரேனை விட்டு இறங்காதவள்

கிரேன் ஆபரேட்டர் வேலை கேட்டு வந்தவளின் மருத்துவ ரிப்போர்ட்டைச் சூப்பர்வைசர் மூன்றாம் முறையாகப் புரட்டினார். பிறக்கும்போதே மூத்திரப்பை வயிற்றுக்கு வெளியே திறந்து கிடந்தது. பதினெட்டு வயதுக்குள் ஏழு ஆபரேஷன். இன்றும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் போட்டுத்தான் மூத்திரம் எடுக்க வேண்டும்.

"தப்பா நினைக்காதம்மா. இந்த உடம்பை வெச்சுக்கிட்டு அவ்வளவு உயரத்துல..." என்று இழுத்தார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுப் புளித்துப்போன இழுவை.

"அங்க பாருங்க சார்" என்று ஜன்னலைக் காட்டினாள். கிரேன் அசையாமல் நின்றது. அதன் ஆபரேட்டர் அவசர அவசரமாக ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். கீழே ஒன்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எதுக்கு இறங்குறாரு?"

"ஒண்ணுக்கு" என்று முனகினார் சூப்பர்வைசர்.

"எத்தனாவது தடவை?"

"காலையிலேர்ந்து மூணாவது."

"டாக்டர் என் தொப்புள்ல ஒண்ணுக்குப் போக வழி வெச்சுத் தெச்சிருக்காரு. குழாய் போட்டாத்தான் வரும், இல்லேன்னா ஒரு சொட்டு கசியாது. ஏழு மணிக்கு ஏறினா பதினோரு மணி பிரேக்லதான் இறங்குவேன்."

மேஜைமேல் இருந்த ஹெல்மெட்டை அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லாதவரு இறங்கட்டும் சார். நான் ஏறுறேன்."