அஸீஸா வீட்டுக்கு வந்த மேசன்

எச்.ஐ.வி.யோடு வாழும் விதவைகளுக்கு மாதாந்தம் உதவிப்பணம் கொடுப்பதற்காக வந்த சுற்றுநிருபத்தில், பயனாளியின் இரகசியம் முழுமையாகப் பேணப்பட வேண்டும் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில், உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய் நிலைமையைப் பார்க்க வேண்டும், அயலவரிடமும் விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள்தானா என்று தெரியவில்லை.

அந்த உத்தியோகத்தரான நான் விலங்கியல் படித்தவள். தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று கேட்டால் சொல்வேன். அயலவரிடம் விசாரிப்பது என் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

“ஒப்பீஸ் வாகனத்தில போகாதீங்க பிள்ளை,” என்றார் எங்கள் உதவிப் பணிப்பாளர் இராசதுரை சேர். காரைதீவுக்காரர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. “அடையாள அட்டையக் கழுத்தில தொங்க விடாதீங்க. சொந்தக்காரர் மாதிரிப் போங்க, சொந்தக்காரர் மாதிரி வாங்க.”

சொந்தக்காரர் மாதிரி என்றால் வெறுங்கையோடு போக முடியாது. உம்மாவின் பிளாஸ்டிக் டப்பாவில் தொதல் இனிப்பு எடுத்துக்கொண்டேன். பெருநாளுக்கு வாங்கிய அபாயாவை உடுத்திக்கொண்டேன்.

அஸீஸா ராத்தாவின் வீடு மருதமுனையில், கடலுக்குப் போகும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. கணவர் மௌத்தாகி நான்கு வருடங்கள். அவருக்கு என்ன நோய் என்று தெரிந்த அன்றுதான் ராத்தாவுக்கும் தன்னுடையது தெரிந்தது. மருந்து ஒழுங்காக எடுக்கிறார், நன்றாக இருக்கிறார். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று பஸ்ஸில் தூரத்துக் கிளினிக்குக்குப் போய் வருகிறார். அந்த ஊரில் யார் வீட்டில் கலியாணம் என்றாலும் விருந்தின் இனிப்பான வட்டிலாப்பம் இவருடையதுதான்.

“உதவி கிடைக்காட்டியும் பரவால்ல மிஸ்,” என்றார். “ஆனா இந்த நோயிட பேரு இந்த ஒழுங்கைக்குள்ள கேக்கப்படா. கேட்டா, என்ட வட்டிலாப்பத்த ஒரு கரண்டி வாங்க மாட்டாங்க.”

“சாப்பாட்டால பரவாது ராத்தா.”

“எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். எதிர்வீட்டு றினோஸாக்குத் தெரியணுமே.”

நான் வேலையைத் தொடங்கினேன். கூரையைப் பார்த்தேன். தகரத்தில் அங்கங்கே ஓட்டை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். மலசலகூடக் கதவைத் திறந்து மூடினேன். காணி உறுதி யார் பெயரில் என்று கேட்டேன். பிறகு ஒழுங்கையைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனேன்.

றினோஸா மதிலுக்கு மேலால் ஏற்கனவே எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

“அஸீஸா ராத்தா எப்பிடிப்பட்ட ஆள்?” என்று கேட்டேன்.

அவர் என் அபாயாவைப் பார்த்தார். நான் கையில் மறந்து கொண்டுவந்த தொதல் டப்பாவைப் பார்த்தார்.

“தங்கமான புள்ள. யாருக்குகா கேக்கீங்க?”

“அது செல்ல ஏலாது.”

சொல்ல முடியாத தவிப்பில் என் முகம் சிவந்துவிட்டது. சிறுவயதிலிருந்து எனக்கு அப்படித்தான். கடையில் பாணுக்கு விலை கேட்டாலும் சிவக்கும்.

“உங்கட நானாக்கா?”

எனக்கு நானாவும் கிடையாது, தம்பியும் கிடையாது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் றினோஸா, “வெளங்கிட்டு, வெளங்கிட்டு. வெக்கப்படாதீங்க,” என்று சொல்லி டப்பாவைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்ப்பார்கள். கூரை, கிணறு, மலசலகூடம், உறுதி. சுற்றுநிருபத்தை எழுதியவரும் அதே வரிசையில்தான் கேட்டிருந்தார்.

அடுத்த கிழமை அஸீஸா ராத்தா தொலைபேசியில் பேசினார். அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், நீங்க எனக்கு ஒரு மாப்புள கொண்டாந்திரிக்கீங்களாம். கட்டாரில வேலயாம். நெத்தி கொஞ்சம் ஏறினவராம். ஆனா நல்ல தொழுகையாளியாம்.”

“யாரு செல்ற?”

“ஒழுங்கை முழுக்க. நேத்தையிலருந்து அவருக்கு ஒரு லொறியும் இரிக்கு.”

“நான் வந்து இல்லண்டு செல்றன் ராத்தா.”

“வேணாம்! இல்லண்டா, அப்ப என்னத்துக்கு வந்தண்டு கேப்பாங்க. கிடந்துட்டுப் போகட்டும் அந்த மனிசன்.”

அப்படியே அந்த இல்லாத மாப்பிள்ளை கிடந்தார். மேலதிகாரி ஒருவரும் நேரில் பார்த்துத்தான் ஒப்பமிட வேண்டும் என்றிருந்ததால், இராசதுரை சேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். மாரி தொடங்கியிருந்தது. வானம் கறுத்துக் கிடந்தது.

உள்ளே நுழைந்த நான் வீடு மாறிவிட்டேனோ என்று நினைத்தேன். முன்னறையில் சிவப்பு மெத்தை போட்ட செற்றி. யன்னலுக்குப் பூப்போட்ட திரை. மூலையில் என் உயரத்துக்கு ஒரு பிரிஜ். நடுவில் அஸீஸா ராத்தா, தன் வீட்டுக்கே விருந்துக்கு வந்தவர்போல நின்றார். சுற்றிலும் றினோஸாவும் இன்னும் இரண்டு பெண்களும் சிரித்த முகத்தோடு நின்றார்கள்.

சேர் கையில் அளவு நாடா வைத்திருந்தார். சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

“மேசனயும் கூட்டி வந்திரிக்காங்கடி,” என்று றினோஸா பக்கத்துப் பெண்ணின் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பிறகு சத்தமாக, “நல்லாத் தட்டிப் பாருங்க மேசன்! கல்லு வெச்சுக் கட்டின சுவரு!”

சேர் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். வீடு கட்டுகிற மேசன் யாரும் அங்கே இல்லை.

அஸீஸா ராத்தா சர்பத் கொண்டுவந்து நீட்டினார். சேர் அந்தக் கிளாசைப் பார்த்தார். “சீனி வருத்தம், இனிப்பு ஏலாது,” என்றார். ராத்தா தட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

சேர் என்னை யன்னல் பக்கம் கூப்பிட்டார்.

“பிள்ளை, இந்தப் பிரிஜ் என்ட வீட்டில இருக்கிறத விடப் பெரிசு. வறிய குடும்பம் எண்டு நான் எப்பிடி ஒப்பம் போடுறது? நாளைக்குக் கணக்காய்வில வந்து கேட்டா?”

இவையெல்லாம் இரவல் என்று அந்தப் பெண்கள் முன்னால் நான் சொன்னால், வீட்டைக் குறைத்துக் காட்டுவதற்கு இவள் யார் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் உதவி இல்லை. ராத்தா என்னைப் பார்த்தார். இப்போது சிரிக்கவில்லை.

அந்த நேரம் மழை வந்தது. எங்கள் கடற்கரை மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது. தகரத்தில் விழுந்தது ஒரு சத்தம், அவ்வளவுதான், பிறகு கத்தினால்தான் பேச்சுக் கேட்டது.

றினோஸா இரண்டு அடி நகர்ந்து, அறையின் நடுவில் ஓர் இடத்தில் போய் நின்றார். அவருடைய தலைமேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

இரண்டாவது பெண் செற்றிக்கு முன்னால் போய், துஆ கேட்பதுபோல இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டார். கைக்குள் தண்ணீர் நிரம்பியது. ஆமீன் சொல்லி முகத்தில் தடவுவதுபோலத் துடைத்துவிட்டு மறுபடியும் ஏந்தினார்.

மூன்றாவது பெண்ணுக்குச் சுவரோரம் ஒழுகும் ஓர் இடம் கிடைத்தது. வாயை மூடி அண்ணாந்து பார்த்தார்.

“தங்கச்சி, நனையிறீங்க. இஞ்சால வாங்க,” என்றார் சேர்.

“இல்ல, எனக்கு இதான் வசதி,” என்றார் றினோஸா. அவருடைய மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. “இந்த ஊடு ஒரு சொட்டு ஒழுகாது.”

அப்போது ஒரு துளி சேரின் நெற்றியில் விழுந்து, திருநீற்றைக் கரைத்துக்கொண்டு மூக்குவரை இறங்கியது. அவர் தொட்டுப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார்.

வாசலில் யாரோ கத்தினார்கள். றினோஸாவின் கணவர் மீராசா, தோளிலிருந்து சாக்கில் மீன் தொங்க, மழையில் நின்றார்.

“எங்கடி என்ட பிரிஜ்? மீனக் கொண்டுவந்தா ஊட்டுக்குள்ள பிரிஜ்ஜக் காணல! செற்றியயும் காணல! கள்ளனா வந்த?”

“வாயப் பொத்துங்க மனிசா! மாப்புள ஊட்டாக்கள் வந்திரிக்காங்க!”

“அதுக்கு என்ட மீன் என்ன செஞ்ச?”

சேர் திடீரென்று இருமத் தொடங்கினார். தோள்கள் குலுங்கின. இருமிக்கொண்டே வெளியே போய், ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்த பிறகும் இருமினார். கண்களைத் துடைத்துக்கொண்டு, என் மடியிலிருந்த விண்ணப்பக் கோவையை வாங்கி ஒப்பம் போட்டார்.

“இந்த வீடு பார்க்கிற விதி இருக்குமட்டும், அந்த மனிசிக்கு மாசாமாசம் மாப்பிள்ளை வரும் பிள்ளை,” என்றார்.

அன்றைக்கே தலைமைக் காரியாலயத்துக்கு எழுதினோம். கிளினிக் வைத்தியரின் உறுதிப்படுத்தல் போதும், பணம் நேராக வங்கிக்குப் போகட்டும், வீட்டுக்கு யாரும் போக வேண்டாம், அயலவரிடம் ஒருபோதும் கேட்க வேண்டாம். பதில் வரவில்லை. மறுபடி எழுதினோம். சேர் ஆளை அனுப்பாமல் தானே பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் அந்தக் கூரையைப் பற்றி ஒரு கூட்டத்தில் சொன்னாராம். சிரித்து முடித்த பிறகு ஒத்துக்கொண்டார்களாம்.

முதல் பணம் வங்கிக்கு வந்த மாதம், கல்முனைச் சந்தையில் றினோஸா, நான் வரும் நாள் பார்த்து நின்றவர்போல, என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நில்லுங்க கா! கூரை ஒழுகுதெண்டா ஒரு பொம்புளய வேணாண்டீங்க?”

மரக்கறி வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். என் முகம் சிவந்தது.

“உங்கட நானாக்கு அல்லாஹ் ஒரு பெரிய மாடி ஊட்டக் குடுக்கட்டும், அதுக்குள்ள ஆளில்லாமக் கிடக்கட்டும்! அந்தப் புள்ளக்கு என்ன குற? ஒரு நோய் வருத்தம் இரிக்கா? செல்லுங்க!”

நான் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை.

“நாங்க ஒழுங்கையால காசு சேத்துத் தகரம் மாத்திட்டம். அந்த மேசனுக்கும் செல்லுங்க.”

போகத் திரும்பியவர் நின்று, கூடைக்குள்ளிருந்து உம்மாவின் டப்பாவை எடுத்து என் கையில் திணித்தார். பாரமாக இருந்தது.

“வெறும் டப்பா குடுக்கப்படாதே. அஸீஸாட வட்டிலாப்பம். நல்லா வெச்சுத் தின்னுங்க, எதை இழந்தீங்கண்டு வெளங்கும்.”

காரியாலயத்தில் இராசதுரை சேரின் மேசையில் டப்பாவைத் திறந்தேன். றினோஸா சொன்னதையெல்லாம் சொன்னேன். அந்த மேசன் தான்தான் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கொஞ்ச நேரம் மனம் நொந்தவர்போல இருந்தார். பிறகு கரண்டியை எடுத்தார்.

ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டையும் எடுத்து வாயில் வைத்தார்.

“சேர், சீனி வருத்தம்?”

“அது அண்டைக்கு,” என்றார், வாயில் வட்டிலாப்பத்தோடு.