பூனை குதித்த பக்கம்

பிலூரா மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டாள். ஜேபஸ் வாயைத் திறக்கிற வழியாக இல்லை. ஞாயிறுதோறும் கோயிலிலிருந்து அவள் வீடுவரை கூடவே நடந்து வருவான். மாட்டைப் பற்றிப் பேசுவான், மழையைப் பற்றிப் பேசுவான், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவான். இப்போது திங்கட்கிழமை ஒஹாயோவுக்கு வண்டி கட்டுகிறானாம், நிலம் வாங்கி அங்கேயே குடியிருக்க. போனால் போனதுதான். அங்கே போனவர்களில் யார் இந்த வெர்மான்ட் மலைக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்?

இன்று சனிக்கிழமை. கெசையா சித்தி வீட்டில் பத்துப் பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைத்து முடித்திருந்தார்கள். சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஆண்பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள், ஜேபஸும்தான். புதுப் போர்வை தையல் மரச்சட்டத்திலிருந்து இறங்கினால் சும்மா விடுவார்களா? கல்யாணமாகாதவர்கள் சுற்றி நின்று ஓரத்தைப் பிடிக்க வேண்டும், நடுவில் பூனையைப் போட்டு உதற வேண்டும். அது யார் பக்கம் குதிக்கிறதோ அவருக்குத்தான் அடுத்த கல்யாணம்.

பிலூரா நைசாகச் சமையலறைக்குப் போய், பூனை மோப்பம் பிடித்து வரட்டும் என்று பன்றிக்கறிக் கொழுப்பைச் செருப்பில் தடவிக்கொண்டு வந்து நின்றாள். வெட்கம் பார்க்கிற நேரமா இது!

"என்னடி, இந்த வருஷமாவது உன் பக்கம் வருமா?" என்று சீண்டினாள் சித்தி.

"வராம எங்க போகும்?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

பூனை உத்தரம்வரை பறந்தது. கொழுப்பாவது கறியாவது, தலை தப்பினால் போதும் என்று திறந்திருந்த வாசல் வழியே ஒரே ஓட்டம்! வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

"போச்சு! இந்த வருஷம் ஒருத்தருக்கும் கல்யாணம் இல்ல," என்று சித்தி கையை விரித்தாள். பிலூராவும் சிரித்துவைத்தாள்.

ஜேபஸ் போர்வையை விட்டுவிட்டு வெளியே ஓடினான். கோழிகள் கத்தின, எங்கோ ஒரு வாளி உருண்டது. திரும்பி வந்தபோது தலையெல்லாம் வைக்கோல், கன்னத்தில் மூன்று கீறல், கையில் பூனை. நேரே வந்து அதைப் பிலூராவின் கையில் திணித்தான்.

"இது... இந்தப் பக்கந்தான் வரப் பாத்துச்சு. வழி தப்பிடுச்சு." அவனுக்குக் காதுவரை சிவந்திருந்தது.

"கள்ளாட்டம்! செல்லாது, செல்லாது!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"அதெல்லாம் செல்லும்," என்றாள் பிலூரா, பூனையை இறுக்கிக்கொண்டு. பிறகு அவனைப் பார்த்து, "நாளைக்கே பாதிரியார்கிட்ட பேசிரு. திங்கக்கிழம வண்டியில எனக்கு எடம் இருக்குல்ல?"

"மூணு வருஷமா இருக்கு," என்றான் ஜேபஸ்.