சத்தியத்துக்கு நின்ற வரிசை

நயினார் அண்ணாச்சி பக்திமான் என்பதைத் தூத்துக்குடிக் கடைத்தெருவில் யாரும் மறுத்ததில்லை. மறுக்க அவர் இடம் கொடுத்ததும் இல்லை. குலதெய்வமான செம்மணல் சாஸ்தாவுக்கு அவர் ஒரு வெண்கல மணி வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், பலசரக்குக் கடையின் பெயர் எல்லாம் வெட்டியிருந்தது. சாஸ்தாவின் பெயருக்குத்தான் இடம் போதவில்லை.

யுத்த காலத்தில் ஒரு பங்குனி உத்திரத்துக்கு அண்ணாச்சி வண்டி கட்டிக் குடும்பத்தோடு புறப்பட்டார். சாமி கும்பிடுவது இரண்டாவது காரியம். முதல் காரியம், மச்சினன் மாசானத்தைக் கற்பூரம் அணைக்க வைப்பது. சாஸ்தாவைக் கும்பிட்டுவிட்டு வந்து, வெளியே நிற்கும் சுடலைமாடன் பீடத்தில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைத்து ஒருவன் சொன்னால் அது சத்தியம். பொய் சொன்னவன் கை நடுங்கும் என்பார்கள்.

விஷயம் இதுதான். ஊர் முழுக்க ரேஷன் அரிசிக்குக் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தபோது, அண்ணாச்சி தம்முடைய உப்பளத்தில் அரிசி மூட்டைகளை அடுக்கி, மேலே உப்பைக் கொட்டி, மற்ற அம்பாரங்களைப் போலவே பனையோலை வேய்ந்து மூடி வைத்திருந்தார். பார்க்கிறவனுக்கு அது வரிசையாக நிற்கும் உப்பு அம்பாரங்களில் ஒன்று. ஒருநாள் சப்ளை ஆபீசர் வந்தார். முதல் அம்பாரத்தைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார், நேராக மூன்றாவதில் கம்பியை விட்டார். கம்பியோடு அரிசி வந்தது. அது சாஸ்தா கோயில் அன்னதானத்துக்காகச் சேர்த்த அரிசி என்று அண்ணாச்சி அன்று மாலையே ஊருக்கு அறிவித்தார். ஆபீசருக்குக் காட்டிக் கொடுத்தது யார் என்று அன்று இரவே கண்டுபிடித்தார். மூட்டை அடுக்கியது இரண்டே பேர், அவரும் மாசானமும். தாம் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். மிச்சம் ஒருவன்தானே.

மாசானம் அவர் மனைவி சீனித்தாயின் தம்பி. கடையில் அவருக்கு வலதுகை. மகள் பகவதியை அவனுக்குத்தான் கொடுப்பதாகப் பேச்சு, வைகாசியில் கல்யாணம். இப்போது அண்ணாச்சி தீர்ப்பு எழுதிவிட்டார். சத்தியம் செய்தால் வைகாசி. கை நடுங்கினால் கடையும் இல்லை, பெண்ணும் இல்லை.

வண்டியை ஓட்டியது மாசானம்தான். பின்னாலிருந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தார் அண்ணாச்சி. அவன் வழியில் தண்ணீர் குடித்தான். குற்றமுள்ள தொண்டை வறளும் என்று குறித்துக்கொண்டார். அடுத்த கிணற்றில் அவன் குடிக்கவில்லை. பயத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று அதையும் குறித்துக்கொண்டார்.

"வண்டியில வாரது நம்ம தம்பி. சந்தைக்குக் கொண்டுபோற மாடு இல்ல. அப்படிப் பாக்காதீய" என்றாள் சீனித்தாய்.

"நீ சும்மா கெட. நாளைக்குத் தெரியும் யாரு யாருன்னு."

செம்மணல் மேடான தேரிக்காட்டில் வருஷம் முழுக்க ஆளில்லாமல் கிடக்கும் கோயில் அது. உத்திரத்தன்று மட்டும் அத்தனை கிளைக் குடும்பங்களும் வந்து இறங்கிவிடும். மறுநாள் காலை இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, சாஸ்தா சன்னிதியிலிருந்து தொடங்கிய வரிசை பந்தலைத் தாண்டி, சிவப்பு மணலில் வளைந்து, முந்திரித் தோப்பின் கொல்லாமரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. 

ஆண்கள் சட்டை கழற்ற வேண்டும். அண்ணாச்சி சில்க் ஜிப்பாவையும் தங்கப் பொத்தான்களையும் கழற்றி வண்டியில் வைத்தார். அதோடு கடைத்தெருவில் அவருக்கிருந்த மரியாதையும் வண்டியில் தங்கிவிட்டது. வரிசையின் முன்பக்கம் போய், மூங்கில் தடுப்பருகே நின்ற ஆளிடம் தொண்டையைச் செருமினார்.

"யாரு வந்திருக்கான்னு பாரு."

அவன் பார்த்தான். தொப்பை, திருநீறு, அரைஞாண்கயிறு. அன்றைக்கு அவன் பார்த்த நூற்றுக்கணக்கான தொப்பைகளில் ஒன்று.

"பின்னால போய் நில்லும் வே."

"உள்ள ஒரு மணி தொங்குதே, அது யாரு உபயம் தெரியுமா?"

"சாஸ்தா உபயம். போம்."

அண்ணாச்சி கொல்லாமரத்தடிக்கு வந்து நின்றார். வரிசை நகரவில்லை. முன்னால் யாரோ வேண்டுமென்றே மெதுவாகக் கும்பிடுகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. ஒரு பெண் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். இடம் பிடிக்கும் தந்திரம். ஒரு கிழவர் மணலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது எந்த இடத்தில் எழுந்திருப்பார் என்று பார்க்க வேண்டும். தமக்குப் பின்னால் வாழைத்தாரைத் தோளில் வைத்து நின்ற ஆளைப் பற்றித்தான் அதிக சந்தேகம். அவன் அடிக்கடி இவர் முகத்தைப் பார்த்தான். சப்ளை ஆபீசில் இருந்து சட்டையில்லாமல் அனுப்பிய ஆளாக இருக்குமோ?

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றான் அவன்.

"எதுக்குக் கேக்கீரு?"

"சும்மாதான். பொழுது போகணும்லா. நான் மாடக்கண்ணு, ஆத்தங்கரைப் பக்கம் நெல்லு வெவசாயம். தாரு உங்க தலையில இடிக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

தார் இடித்துக்கொண்டுதான் இருந்தது. அண்ணாச்சி ஒரு அடி முன்னால் நகர்ந்தார். முன்னால் நின்ற மாசானம் முதுகில் முட்டினார். மாசானம் திரும்பவில்லை.

அவன் அக்காவிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு அண்ணாச்சி காதில் விழுந்தது. விழுகிற மாதிரிதான் பேசினான்.

"அணைச்சிருதேன் அக்கா. எனக்கென்ன. அணைச்சிட்டு அப்படியே கொழும்புத் தோணியில ஏறிருவேன். அங்கன கடையில ஆளு கேக்காவ."

"என்னலே சொல்லுத? அணைச்சா கல்யாணம்லா?"

"சாமி முன்னால நிறுத்திச் சோதிச்ச வீட்டுல போய் மாப்பிளையா உக்காந்து தோசை திங்கச் சொல்லுதியா? நாளைக்குக் கடையில எலி ஓட்டை போட்டாலும் இன்னொரு கற்பூரம் வாங்குவாவ."

பகவதி பக்கத்தில் நின்றாள். அணைத்தால் கொழும்பு, அணைக்காவிட்டால் அப்பா. இரண்டு பக்கமும் தன் கல்யாணம் இல்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. தாவணி நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

கொழும்பு என்ற சொல் அண்ணாச்சியின் சந்தேகத்துக்கு நெய் வார்த்தது. ஓடப்போகிறவன்தானே தப்புச் செய்தவன்? யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது போலிருந்தது. சொல்லக் கிடைத்தது மாடக்கண்ணு. இந்த ஆள் ஆபீஸ் ஆள் இல்லை என்பது அவன் வாழைப்பழம் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்ததிலேயே தெரிந்துவிட்டது.

"காலம் கெட்டுப்போச்சு வே. அன்னதானத்துக்குன்னு அரிசி சேத்து வச்சிருந்தேன். உப்பளத்துல, பத்திரமா, அம்பாரத்துக்கு உள்ள. கூட இருந்தவனே காட்டிக் கொடுத்துட்டான்."

"அடப் பாவமே. அன்னதான அரிசியை உப்புக்குள்ளயா வச்சீய?"

"ஏனோதானோன்னு வைக்கல. எல்லாம் முறைப்படி. மூட்டை அடுக்குன அன்னைக்கு ராகுகாலம் போனபிறகு பூசணிக்கா ஒடைச்சேன். அம்பாரத்துக்கு மேல சந்தனம் குங்குமம் வச்சேன். எலுமிச்சங்காயும் மொளகாயும் கோத்துக் கட்டித் தொங்கவிட்டேன். வாரா வாரம் செவ்வாக்கிழமை காய் மாத்துவேன், என் கையாலயே. பொருளு மறைஞ்சிருந்தா மட்டும் போதுமா, கண்ணு படக்கூடாதுல்லா?"

மாடக்கண்ணு தாரை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். நிதானமாகக் கேட்டான்.

"எல்லா அம்பாரத்துக்கும் கட்டுனீயளா அண்ணாச்சி?"

"அதுக்கு மட்டும்தான். மத்ததுல வெறும் உப்புதானே."

சோறு ஊட்டிய பெண் கையை அந்தரத்தில் நிறுத்தினாள். மாசானம் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தான். சீனித்தாய் புருஷன் முகத்தைப் பார்த்து, தலையைக் குனிந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று அண்ணாச்சி நினைத்தார். தோள்கள் குலுங்கிய விதம் அப்படி இல்லை.

"கம்பி வச்சிருக்கிறவன் எங்கன குத்துவான்?" என்றான் மாடக்கண்ணு, யாரையும் பார்க்காமல். "நானா இருந்தாலும் அங்கனதான் குத்துவேன்."

ஒரே மாதிரி ஓலை மூடி வரிசையாக நிற்கும் உப்பு அம்பாரங்களும், அதில் ஒன்று மட்டும் கல்யாண வீடு மாதிரிக் குங்குமமும் எலுமிச்சையுமாக நிற்பதும் இப்போதுதான் அண்ணாச்சி கண்ணுக்குத் தெரிந்தன. ஆபீசர் பார்த்ததை அவர் பார்க்க இத்தனை நாளாகிவிட்டது.

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே மாசானத்தின் தோளில் கைபோட்டிருப்பார்கள். அண்ணாச்சி அப்படி இறங்கிவரக்கூடிய உயரத்தில் இல்லை. அவர் வேறு கணக்குப் போட்டார். இவன் கை நடுங்காமல் அணைத்துவிட்டால், பழி எங்கே போகும்? மூட்டை அடுக்கியது இரண்டே பேர். 

அதிலிருந்து அவருக்கு அபாரமான பொறுமை வந்துவிட்டது.

"ஏளா, கைப்பிள்ளைக்காரி நிக்கா பாரு. முன்னால விடு." "பெரியவரே, வாரும், எங்களுக்கு முன்னால போம்." "மாடக்கண்ணு, தாரு கனக்கும்லா, நீரு போம்." வரிசையில் வந்தவர்களெல்லாம் அவரை வாழ்த்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். இப்படியும் ஒரு மனுஷரா என்று ஒரு அம்மாள் கண் கலங்கினாள். உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்தினால் இன்றைக்குச் சத்தியமே வேண்டாம் என்பது அவர் ஏற்பாடு.

சீனித்தாய் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்கத் தொடங்கினாள்.

"சாமிகிட்ட வந்துட்டுத் திரும்பிப் போனா குத்தம். வாங்க."

சாஸ்தாவுக்கு முன்னால் அவர்கள் நின்றது ஒரு மூச்சு நேரம். காலையிலிருந்து அதற்காகத்தான் நின்றார்கள். அண்ணாச்சி மணியைத்தான் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

வெளியே சுடலைமாடன் பீடத்தில் பூசாரி வெற்றிலையை வைத்து, அதன்மேல் சின்னக் கற்பூரத் துண்டை வைத்தார்.

"இது ஒண்ணுதான் இருக்கு. ஜப்பான்காரன் சண்டைக்கு வந்ததிலேர்ந்து கற்பூரம் வரத்து இல்ல. சட்டுன்னு முடியுங்க. யாரு அணைக்கது?"

கற்பூரம் எரிந்தது. அண்ணாச்சி பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார்.

"வேண்டாம்ல மாசானம். உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. இங்கன வரைக்கும் வந்தியே, அதுவே போதும்."

"அது எப்படி அத்தான்? தெருவுல நாலு பேருகிட்டச் சொல்லிட்டுல்லா கூட்டிட்டு வந்தீய. அணைச்சிருதேன். ஊருக்குப் போனதும் நீங்களே தோணித்துறையில கொண்டு விட்டிருங்க."

அவன் குனிந்தான். அவன் கை போய்ச் சேருமுன் இன்னொரு கை வந்து சுடரின்மேல் படிந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. அமுக்கிய கை எழும்பவில்லை. புகை விரல் இடுக்கில் வந்தது.

"மாமா யாருகிட்டயும் சொல்லல" என்றாள் பகவதி. குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை. "இது சத்தியம்."

"ஏளா, உன்னை யாரு…" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"முடிஞ்சிட்டு" என்றார் பூசாரி. "ஒரு காரியத்துக்கு ஒரு சத்தியம்தான். யாரு கையா இருந்தா சுடலைக்கென்ன. நகருங்க, பின்னால ஆளு நிக்கி."

மாசானத்துக்கு அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். பீடத்துத் திருநீற்றை அள்ளிச் சீனித்தாய் மகளின் உள்ளங்கையில் அப்பினாள். நடுவில் சிவந்திருந்தது.

"எரியுதா?" என்றான் மாசானம்.

"எரியாம?"

"நீ எதுக்குக் கை வச்ச?"

"நீங்க வச்சா கொழும்பு. நான் வச்சா வைகாசி."

மாசானம் வண்டியருகே போய் மாட்டைப் பூட்டி ஏறி உட்கார்ந்தான். ஏறும்போது பகவதி வலது கையால் சட்டத்தைப் பிடிக்க முடியாமல் தடுமாறினாள். அவன் கீழே இறங்கி, அவள் இடது கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். பிறகு, தூத்துக்குடியில் முதலில் தோணித்துறைக்கா வீட்டுக்கா என்று யாரும் கேட்காமலே, "வீட்டுக்குப் போக விடிஞ்சிரும்" என்றான்.

அண்ணாச்சி ஜிப்பாவை மாட்டி, பொத்தான்களைப் போட்டதும் மறுபடி அண்ணாச்சி ஆனார். ஆனதும் யோசனை வந்தது. வண்டி தேரியை விட்டுக் கெட்டித் தரைக்கு ஏறியதும் மெதுவாக மனைவி பக்கம் சாய்ந்தார்.

"ஏளா. மாசானம் சொல்லலைன்னு இவ கையைச் சுட்டுச் சத்தியம் பண்ணுதாளே. அவ்வளவு நிச்சயமா இவளுக்கு எப்படித் தெரியும்?"

சீனித்தாய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இனி யாருகிட்டச் சத்தியம் வாங்கப் போறீய? மிச்சம் இந்த வண்டிமாடு ரெண்டுதான்."

அண்ணாச்சி எட்டி, வலத்து மாட்டை ஒரு தடவை பார்த்தார். உப்பளத்துக்கு ஒற்றை மாட்டு வண்டியில் அரிசி மூட்டையை இழுத்துப் போனது அதுதான்.